பழைய அச்சுக்கு ஒரு வக்காலத்து

பிளாஸ்டிக் மாடல் செய்பவர்களிடம் ஒரு தீர்ப்பு முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டிய அச்சிலிருந்து எடுத்த கிட் ஒன்று புதுப் பெட்டியில் கடைக்கு வந்தால் போதும், அந்தத் தீர்ப்பை வாசித்துவிடுவார்கள்: அளவு தப்பு, விவரம் போதாது, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, பழைய நினைவைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் தேவைகூட அவர்களுக்கு இருப்பதில்லை. இந்தத் தீர்ப்பு தவறானது. புதிதாக இந்தக் கலைக்குள் வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வதே எதை வாங்கக் கூடாது என்ற பட்டியலைத்தான் என்னும் அளவுக்கு அது வேரூன்றிவிட்டது. அதனால் வாதத்துக்கு வாதம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேச ஒரு கிட் வேண்டும். 1/76 அளவில் வந்த யாக்ட்பாந்தரை எடுத்துக்கொள்கிறேன். பாந்தர் டேங்க்கின் உடலில், சுழலும் கோபுரத்தை நீக்கிவிட்டு, 88 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்தி ஜெர்மனி 1944இல் களமிறக்கிய டேங்க் அழிப்பு வண்டி இது. அதன் கிட்டை 1970களில் லண்டனின் லெஸ்னி நிறுவனம் மேட்ச்பாக்ஸ் என்ற தன் பெயரில் வெளியிட்டது. லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியபின் 1947இல் தொடங்கிய நிறுவனம் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகக் கார்களால் உலகமெல்லாம் பெயர் பெற்று, 1982இல் திவாலானது. கிட் அச்சுகள் கைமாறிக் கைமாறி ஜெர்மனியின் ரெவெல் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து அதே யாக்ட்பாந்தர் வேறு படத்தோடு, வேறு பெட்டியில் மறுபடி கடைகளுக்கு வந்தது. தீர்ப்பும் கூடவே வந்தது.

முதல் குற்றச்சாட்டு, துல்லியம் இல்லை என்பது. மற்ற எல்லாக் குற்றச்சாட்டுகளும் இதன் தோளில்தான் நிற்கின்றன. அதனால் இதில் கொஞ்சம் தங்கிப் பேசுகிறேன்.

உண்மையான யாக்ட்பாந்தர், பீரங்கிக் குழலையும் சேர்த்து, பத்து மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம். 1/76இல் அது 13 சென்டிமீட்டர். உயரம் மூன்றரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். முன்புறத்தில் சாய்வாக நிற்கும் 80 மில்லிமீட்டர் கவசத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துவிடுகிறது. இந்த அளவில், மேல்தகடு அரை மில்லிமீட்டர் அகலம் கூடியிருக்கிறது என்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து சொல்கிறார்கள். அரை மில்லிமீட்டர் என்றால் உண்மை வண்டியில் 38 மில்லிமீட்டர், அது பெரிய பிழை என்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் அந்த மாடலைப் பார்க்கும் கண் முழங்கை நீளத்தில் இருக்கிறது. அந்தத் தொலைவில் யாக்ட்பாந்தரை யாக்ட்பாந்தராகக் காட்டுவது அதன் சாய்வுகள்: முன்தகடு மூக்கிலிருந்து கூரைவரை முறியாமல் ஒரே தளமாக ஏறுவது, பக்கத் தகடுகள் உள்நோக்கிச் சாய்வது, நீண்ட குழல் அந்த உடலுக்குக் கொடுக்கும் முன்பாரம். மேட்ச்பாக்ஸ் அச்சை வெட்டியவர்களுக்கு இது கைவந்திருக்கிறது. வண்டியின் தோற்றம் அதில் இருக்கிறது. அரை மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டு தோற்றத்தைக் கைவிடுகிறவர்களைவிட அந்த வடிவமைப்பாளர்களின் கண்ணை நான் நம்புவேன்.

இன்னொன்றும் உண்டு. துல்லியம் என்றால் எதற்குத் துல்லியம்? எல்லா யாக்ட்பாந்தரும் ஒன்றுபோல் இருந்ததில்லை. 1944 ஜனவரியில் பிரவுன்ஷ்வைக் நகரின் மியாக் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஹனோவரிலும் பாட்ஸ்டாமிலும் இரண்டு ஆலைகள் சேர்ந்தன. 1945 ஏப்ரல் வரை எல்லாம் சேர்த்துச் சுமார் 415 வண்டிகள். மாதம் 150 என்று திட்டம் போட்டார்கள். ஆகச்சிறந்த மாதமான 1945 ஜனவரியில்கூட 72தான் வெளிவந்தன. இந்தப் பதினாறு மாதங்களுக்குள் வண்டி மாறிக்கொண்டே இருந்தது. ஒரே துண்டாக வந்த குழல் இரண்டு துண்டாயிற்று. குழலின் அடியிலுள்ள வளையம் முதலில் உள்ளிருந்து முடுக்கப்பட்டது, பிறகு வெளியே போல்ட் தெரியும்படி தடித்தது. ஓட்டுநர் வெளியே பார்க்க இருந்த இரண்டு துளைகளில் ஒன்று மறைந்தது. காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்கத் தகடுகளின் மேல் பூசிய ஜிம்மெரிட் என்ற வரிவரியான பூச்சு 1944 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. கடைசி வண்டிகளில் எஞ்சின் மேல்தளமே வேறு.

ஆக, வளையம் தப்பு என்று சொல்கிறவர் எந்த மாதத்து வண்டிக்குத் தப்பு என்றும் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை. அவர்கள் கையிலுள்ள புதிய கிட்டோடு ஒப்பிடுகிறார்கள், உண்மை வண்டியோடு அல்ல. ஓர் எடுத்துக்காட்டு: 1944 ஜூலை 30 அன்று நார்மண்டியில் 226ஆம் குன்றருகே, 654ஆவது டேங்க் அழிப்புப் பிரிவின் மூன்று யாக்ட்பாந்தர்கள் பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் சர்ச்சில் டேங்க்குகளைச் சில நிமிடங்களில் தாக்கி, பதினொன்றைச் செயலிழக்கச் செய்தன. இந்த வண்டியின் முதல் பெரிய மோதல் அது. அந்த மூன்றில் ஒன்றைச் செய்ய விரும்புகிறவர் ஜிம்மெரிட் காலத்து வண்டியைச் செய்ய வேண்டும். மெங், டகோம் போன்ற சீன நிறுவனங்களின் நேர்த்தியான 1/35 யாக்ட்பாந்தர்களை வாங்கினாலும், எந்த மாதம், எந்தப் பிரிவு, எந்தப் பாகம் என்று அவர் தேடித்தான் ஆக வேண்டும். தேடாமல் குறிப்புத்தாள் சொன்னபடி ஒட்டினால் ஆயிரம் பாகங்களை வைத்தும் எங்கும் இருந்திராத ஒரு வண்டியைச் செய்துவிட முடியும்.

பழைய கிட்டின் பிழைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் கேட்க வேண்டும். அலட்சியத்திலிருந்து என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 1970களில் சோவியத் ஒன்றியத்தின் குபிங்கா டேங்க் அருங்காட்சியகத்துக்குள் மேற்கத்திய வடிவமைப்பாளர் யாரும் அளவுநாடாவோடு போயிருக்க முடியாது. வால்டர் ஸ்பீல்பெர்கர் பாந்தர் குடும்பத்தைப் பற்றி எழுதிய பெரிய ஜெர்மன் நூல் 1978இல்தான் வந்தது. ஆய்வாளர்களான தாமஸ் ஜென்ட்ஸும் ஹிலரி டாயிலும் ஆலை ஆவணங்களையும் எஞ்சிய வண்டிகளையும் ஒப்பிட்டு, போல்ட் போல்ட்டாகச் சரிபார்த்து வெளியிட்டவற்றில் பெரும்பகுதி அதற்கும் பிறகு வந்தது. ஜப்பானின் தமியா மாடல் நிறுவனத்தைச் சேர்ந்த ஷுன்சாகு தமியா அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ மைதானத்தில் வெயிலில் நின்ற பழைய டேங்க்குகளைப் படமெடுக்கவும் அளக்கவும் கடல் தாண்டிப் போனார். அன்றைக்கு ஒரு வண்டியின் பின்புறம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அப்படித்தான் உழைக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்து கிட்டில் அன்றைக்கு அறிய முடிந்தது எது, ஊகித்தது எது என்று இரண்டும் பதிந்திருக்கின்றன. பழைய நிலப்படத்தில் கடற்கரை கோணலாக இருக்கிறது என்பதற்காக அதை யாரும் கிழித்துப் போடுவதில்லை.

துல்லியத்தின் காவலர்கள் அதிகம் நினைவுகூராத ஒரு செய்தி உண்டு. இன்று அவர்கள் எல்லாவற்றையும் அளக்கும் 1/35 என்ற விகிதமே துல்லியத்திலிருந்து பிறக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் தமியா தன் முதல் பிளாஸ்டிக் டேங்க்கான பாந்தரை வெளியிட்டபோது, அது மோட்டாரில் ஓட வேண்டும் என்பதற்காக, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி உடலின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது அது ஏறத்தாழ 1/35 என்று வந்தது. 1/76உம் அப்படித்தான், ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற பிரிட்டிஷ் மாடல் ரயிலின் அளவு அது. இந்தக் கலையின் அடித்தளத்திலேயே சமரசம் இருக்கிறது. அதன் மேல் எழுந்தவை அருமையான மாடல்கள்.

அடுத்த வாதம்தான் வலுவானது. அதை நியாயமாகவே சொல்கிறேன். பழைய கிட்டைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும், அந்த நேரத்தில் நல்ல புதிய கிட் ஒன்றை முடித்துவிடலாம், விலையில் மிச்சம் பிடித்தது நேரத்தில் போய்விடுகிறது, அப்புறம் எதற்கு இந்த வீண் உழைப்பு? கேட்பவர் பொய் சொல்லவில்லை. பழைய அச்சின் இரு பாதிகளும் தேய்ந்து சேரும் இடங்களில் பிளாஸ்டிக் மெல்லிய சவ்வாகப் பிதுங்கி நிற்கும். கனமான இடங்களில் குழி விழுந்திருக்கும். அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய ஊசியின் வட்டத் தடம் கண்ணில் படும் இடத்தில் இருக்கும். இவையெல்லாம் உண்மை.

ஆனால் அந்த வாதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மேசையில் கழியும் மணிநேரம் ஒரு செலவு, அதைக் குறைப்பது லாபம் என்பதே அது. மாடல் செய்வதைத் தொழிலாகக் கொண்டு கூலிக்குச் செய்கிறவருக்கு இது பொருந்தும். மற்ற யாரும் மாடலுக்காக மேசையில் உட்காருவதில்லை, மேசையில் உட்காருவதற்காகத்தான் மாடல் வாங்குகிறோம். முடிந்த வண்டி மட்டும் வேண்டும் என்றால் வர்ணம் அடித்துத் தயாராகவே விற்கிறார்கள்.

அந்த மணிநேரத்துக்குள் என்ன நடக்கிறது? பிதுங்கலைக் கத்தியால் சீவி, அரம் போட்டு, உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கும்போது எந்த விளிம்பு உண்மை வண்டியிலும் கூராக இருந்தது, எது வெல்டிங் போட்டு மழுங்கியது என்று படத்தைப் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது. இரண்டு பாதியாக வரும் குழலை ஒட்டி, கோடு தெரியாமல் உருட்டித் தேய்க்கும்போது அது தட்டையாகிவிடாமல் காப்பதற்கு விரல் பழகுகிறது. பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்தின் (ஸ்ப்ரூ) மிச்சத்தை மெழுகுவத்திச் சுடரின் மேல் சுழற்றி, இளகியதும் இழுத்தால் தலைமுடிக் கனத்தில் ஏரியல் கிடைக்கிறது. அக்காலத்துச் சிறிய கிட்களில் ஜிம்மெரிட் பெரும்பாலும் இருக்காது. புட்டியை மெல்லப் பூசி, உலர்வதற்குள் ரம்பப் பல்லால் வரி போட வேண்டும். வரி கிடைமட்டமா செங்குத்தா, ஆலைக்கு ஆலை வேறுபட்டதா, எந்த இடங்களை விட்டுவிட்டார்கள் என்ற கேள்விகள் அப்போதுதான் எழுகின்றன. புதிய கிட்டில் இதெல்லாம் அச்சிலேயே வந்துவிடுகிறது. அந்தக் கேள்விகளை வடிவமைப்பாளர் கேட்டு, விடை கண்டு, பாகமாக்கிக் கொடுத்துவிட்டார். அந்தத் துல்லியம் அவருடையது. நமக்கு அதை ஒட்டும் வேலை மட்டும் மிஞ்சுகிறது.

புதிய கிட்டும் பொறுமையைக் கேட்கிறதே என்பார்கள். கேட்கிறது. சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக வெட்டிக் கோர்ப்பது கடும் உழைப்பு. அதை நான் இகழவில்லை. நூறாவது கண்ணியை ஒட்டும் கை முதல் கண்ணியை ஒட்டிய கைதான், அவ்வளவே. பழைய கிட் ஒவ்வோர் இடத்திலும் வேறொரு முடிவைக் கேட்கிறது: இதை விட்டுவிடலாமா, மாற்றலாமா, புதிதாகவே செய்துவிடலாமா?

இந்தக் கலையில் இன்றும் கொண்டாடப்படும் முன்னோடிகள் இத்தகைய கிட்களில்தான் வளர்ந்தார்கள். அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன் மோனோகிராம் நிறுவனத்தின் 1/32 ஜெர்மன் வண்டிகளை வைத்து டயோராமா என்னும் சிறு காட்சிகளைச் செய்தார். அந்த வேலையை விளக்கும் தாள்களும் பெட்டிக்குள்ளேயே வந்தன. 1970களில் ஒரு சிறுவன் கடையில் வாங்கிய பெட்டிக்குள் ஓர் ஆசான் உட்கார்ந்திருந்தார் என்றே சொல்லலாம். இன்றைய அளவுகோலில் வைத்தால் அந்த வண்டிகள் ஒன்றுகூடத் தேறாது. பெய்னின் காட்சிகள் தேறுகின்றன. இடிந்த சுவரின் மேல் ஒளி எப்படி விழுகிறது, நின்றுபோன வண்டியைச் சுற்றி மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதில் அவர் செலுத்திய கவனம் வெர்னியரில் அகப்படாது.

ஏமாற்று வேலை என்ற குற்றச்சாட்டில் மட்டும் நான் எதிர்த்தரப்போடு பாதித் தூரம் போகிறேன். புதுப் படம், புது எண், பளபளக்கும் பெட்டி, உள்ளே 1970களின் பிளாஸ்டிக். இதை எங்கும் சொல்லாமல் விற்பது தவறு. அச்சு எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்று பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வரி போடுவதற்குக் காசு செலவில்லை. பிரிட்டிஷ் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் தன் பழைய கிட்களை ‘விண்டேஜ் கிளாசிக்ஸ்’ என்று பெட்டியின் முகத்திலேயே அச்சடித்து விற்கிறது, அறுபதுகளின் வண்டிகள் உள்பட. வாங்குகிறவர் தெரிந்து வாங்குகிறார், விற்பனையும் நடக்கிறது. எனவே குறை பெட்டியின் வாசகத்தில். அதற்காக உள்ளிருக்கும் கிட்டைத் தூக்கில் போடச் சொல்வது நியாயமாகாது.

மாடல் உலகத்துக்கு வெளியிலிருந்து வரும் வேறொரு மறுப்பும் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நாஜிப் படையின் ஆயுதத்தை ஏன் மறுபடி மறுபடி அச்சிட்டு விற்க வேண்டும், அதில் ஒரு கவர்ச்சியை உயிரோடு வைத்திருக்கிறீர்களே என்று கேட்கிறார்கள். கவர்ச்சி இருக்கிறது. வெல்ல முடியாத யாக்ட்பாந்தர் என்ற கதையை வளர்ப்பதில் பெட்டிப் படங்களுக்கும் பங்குண்டு. நெருப்பு கக்கும் குழல், எரியும் எதிரி, சேதமில்லாத கதாநாயகன். அந்தக் கதைக்கு மாற்று உண்மைதான், அதைப் பெட்டிக்குள் வைக்கலாம். நேச நாடுகள் ஷெர்மன் டேங்க் ஒன்றையே ஏறத்தாழ 49,000 செய்தன, யாக்ட்பாந்தர் 415. 226ஆம் குன்றில் பதினொரு சர்ச்சில்களை வீழ்த்திய மூன்றில் இரண்டு அதன்பின் சிறிது நேரத்திலேயே கைவிடப்பட்டன. ஜெர்மன் ஆயுத ஆலைகளில் அந்த ஆண்டுகளில் கட்டாயத் தொழிலாளர்களும் முகாம் கைதிகளும் சாகும்வரை உழைக்க வைக்கப்பட்டார்கள். இவற்றை ஒரு குறிப்புத்தாளில் எழுதி வையுங்கள். வண்டியைச் செய்கிற சிறுவன் அதைச் செய்த காலத்தையும் தெரிந்துகொள்வான். மறுபதிப்பு செய்யாமல் விட்டால் இந்த விளக்கம் கிடைக்கும் வாய்ப்பும் போகும். கவர்ச்சி மட்டும் திரையிலும் கணினி விளையாட்டிலும் மிச்சமிருக்கும்.

சிறுவன் என்றதும் இன்னொன்று. தொடக்கக்காரருக்குப் பழைய கிட் தண்டனை, அதனால் அவர்கள் ஓடிவிடுவார்கள் என்று அனுபவசாலிகள் கவலைப்படுகிறார்கள். மேட்ச்பாக்ஸ் வண்டிக் கிட்கள் தொடக்கக்காரருக்காகவே பிறந்தவை. வர்ணம் வாங்கக் காசில்லாத பையனும் முடித்து வைக்கும்படி பிளாஸ்டிக்கையே ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்களில் வார்த்தார்கள். வண்டியை நிறுத்த ஒரு சின்னக் களமும் பெட்டிக்குள்ளேயே வந்தது. ஒரு பிற்பகலில் ஒட்டி முடித்துவிடலாம். ஆயிரம் பாகங்களும் பித்தளைத் தகடுகளும் கொண்ட பெட்டியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், எது ஓட வைக்கிறது என்று தெரியும்.

நான் மன்னிக்காத குறை ஒன்றே ஒன்று: சங்கிலிப் பட்டை. அக்காலக் கிட்களில் பெரும்பாலும் வரும் மிருதுவான கறுப்புப் பட்டையில் சாதாரணப் பசை பிடிக்காது, வர்ணம் உதிரும், முனைகளைச் சுட்ட திருப்புளியால் உருக்கித்தான் இணைக்க வேண்டும். யாக்ட்பாந்தரின் கனத்த இரும்புப் பட்டை தன் பாரத்தால் சக்கரங்களின் மேல் தொய்ந்து படுத்திருக்கும். இந்தப் பட்டையோ விறைப்பாக அந்தரத்தில் நிற்கும். நூலால் கட்டியும் பக்கத்தில் குண்டூசி செருகியும் அதைப் படுக்கவைத்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். இதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. இது வெறும் தொல்லை.

அதனால் மறுபதிப்பு செய்கிற நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. பழைய அச்சுகளைத் தூக்கிப்போடாதீர்கள். திவாலான நிறுவனங்களின் எஃகு அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போவது நடக்கக்கூடியது, போனால் 1/76 யாக்ட்பாந்தருக்கு இனி ஒருவரும் புதிதாக எஃகு வெட்டப் போவதில்லை. பட்டைக்கு மட்டும் ஒரு சிறிய புதிய அச்சு செய்யுங்கள், வளைத்து ஒட்டக்கூடிய கடினப் பிளாஸ்டிக் துண்டுகளாக. வண்டியில் ஒட்டும் சின்னங்களான டிகால்களை இன்றைய ஆய்வைப் பார்த்துப் புதிதாக அச்சிடுங்கள். 654ஆவது பிரிவின் வண்டி ஒன்றுக்குரியதும் அதில் இருக்கட்டும். பெட்டியின் பக்கவாட்டில் அச்சு வெட்டிய ஆண்டைப் போடுங்கள். விலையை ஒரு பள்ளி மாணவன் கைச்செலவில் வாங்கும் அளவில் வையுங்கள்.